மண் அட்டையில் விட்டுப்போன வரி

பங்குனி கடைசி வாரத்தில், உளுந்து பறித்து முடித்த வயலில் மூன்று இடத்தில் தோண்டினேன். தை அறுவடை முடிந்த கையோடு அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்றைச் சாண் அகலத் துண்டுகளாகக் கிழித்து, மேலத்தாக்கு, நடுத்தாக்கு, கீழத்தாக்கு மூன்றிலும் நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்து, அடையாளத்துக்கு மூங்கில் குச்சி நட்டு வைத்திருந்தேன். ஏறக்குறைய எழுபது நாள் கழித்து எடுத்துப் பார்த்தேன்.

கீழத்தாக்கில் கிடைத்த துணி முழுசாக இருந்தது. உப்பு ஏறி விறைத்திருந்ததே தவிர, அலசிக் காயப்போட்டால் அடுப்படியில் கைப்பிடித் துணியாக வைத்துக்கொள்ளலாம். நடுத்தாக்குத் துணியில் பழுப்புத் திட்டுகளும், விரல் நுழைகிற மாதிரி நாலைந்து ஓட்டைகளும். மேலத்தாக்கில் துணியே இல்லை. பாலியஸ்டர் நூல் ஓடிய பச்சைக் கரை மட்டும், ஒரு நாடாவைப் போல, மண்ணோடு மண்ணாகச் சுருண்டு கிடந்தது.

பருத்தி என்பது செடியின் உடம்பு. மண்ணிலிருக்கிற பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது சாப்பாடு. எங்கே சாப்பிட ஆள் இருந்ததோ அங்கே துணி போயிற்று. எங்கே ஆள் இல்லையோ அங்கே கிடந்தது. மூன்று தாக்கும் ஒரே வரப்பு வரிசையில் இருப்பவை. எட்டு மா நிலம், ஒரே வாய்க்கால் பாசனம், ஒரே நெல் ரகம். நான் அவற்றுக்குச் செய்த பராமரிப்பு மட்டும் வேறு. மேலத்தாக்குக்கு மூன்று வருடமாக ஜிப்சம், தக்கைப்பூண்டு, மக்கிய தொழு உரம் மூன்றும். நடுத்தாக்குக்கு ஜிப்சம் மட்டும். கீழத்தாக்குக்கு ஒன்றும் செய்யவில்லை. கையில் காசு இல்லை. கீழத்தாக்கு வடிகாலை ஒட்டியது, கடல் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இது ஆராய்ச்சிக்கூடத்தில் செய்கிற மாதிரிச் சரிசமமான ஒப்பீடு இல்லை. இருந்தாலும் அந்தப் பச்சைக் கரையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, இருபத்தாறு வருடம் நான் மண்ணில் எதை அளந்தேன், எதை அளக்காமல் விட்டேன் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடை மண் என் கைவழியே போயிருக்கிறது. விவசாயி மண் எடுத்து வருவார். நாங்கள் அதைத் தாளில் பரப்பி நிழலில் உலர்த்துவோம், மரக்கட்டையால் தட்டிப் பொடிப்போம், 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்போம். வேரும் சருகும் சல்லடையின் மேலே தங்கும். அதைக் குப்பையில் கொட்டுவோம். பிறகுதான் சோதனை. அதாவது, மண்ணின் உயிர் பாதி செத்து, பாதி உறங்கி, அதன் சாப்பாடு குப்பைக்குப் போன பிறகுதான் எங்கள் வேலையே தொடங்கும். பி.எச். பார்ப்போம், உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. பார்ப்போம், தழை மணி சாம்பல் பார்ப்போம். 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் வந்த பிறகு வரிசை 12 ஆனது: கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் எல்லாம் சேர்ந்தன. பன்னிரண்டும் தேவையானவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட மண் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கிறதே என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். அந்த வரியைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். 1934-இல் வாக்லியும் பிளாக்கும் வகுத்த முறையில்தான் இன்றும் பெரும்பாலும் கரிமம் பார்க்கிறோம். மண்ணில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் ஊற்றி, எவ்வளவு டைகுரோமேட் செலவாகிறது என்று கணக்குப் போடுவது. உப்பு மண்ணில் இருக்கிற குளோரைடும் அந்த டைகுரோமேட்டைத் தின்னும். ஆகவே கரிமம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சில்வர் சல்பேட் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். அது விலை கூடிய சரக்கு. நான் வேலை பார்த்த இடத்தில் எல்லா நாளும் அது இருந்ததில்லை.

ஒருமுறை ஒரு பெரியவர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடலோர ஊர்க்காரர். "பயிரே நிக்காத தாக்கும்மா இது. இதுல கரிமம் நடுத்தரம்னு போட்டிருக்கு. பயிர் நிக்குற தாக்குல கொறவுன்னு போட்டிருக்கு. மாத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, மாற்றி எழுதவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குளோரைடு விஷயம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

உப்பு ஏறிய மண்ணில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கருவாடு ஏன் கெடுவதில்லை? மாவடு ஏன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது? உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அழுக வைக்கிற உயிர்களால் அங்கே வாழ முடிவதில்லை. மண்ணுக்கும் அதேதான். ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். உப்பு ஏறினால் அவற்றின் உடம்புத் தண்ணீரை வெளியே உள்ள உப்பு உறிஞ்சப் பார்க்கிறது. தப்பிக்க நினைக்கிற பாக்டீரியா, தன் உடம்புக்குள்ளேயே சிறு சர்க்கரைகளையும் புரோலின் போன்ற அமினோ அமிலங்களையும் தயாரித்து நிரப்பிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதற்குப் பெரும் செலவு. வளர்வதற்கும் பெருகுவதற்கும் போக வேண்டிய சக்தி, உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கே போகிறது. பூஞ்சைகளும் அடிபடுகின்றன. மண் கட்டியை நூல் போட்டுத் தைத்த மாதிரி பிணைத்து வைப்பவை அவைதான்.

இன்னொரு கூட்டமும் சீக்கிரம் அடிபடும்: யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும் பாக்டீரியா. பி.எச். 8.5-க்கு மேல் போன களரில் யூரியா போட்ட மறுநாள் வயலோரம் நின்றால் மூக்கில் ஏறுகிற காட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது. களர் நிலத்துக்குக் கால் பங்கு தழைச்சத்து கூடுதலாக இடச் சொல்லுவது வழக்கம். நானே பல நூறு பேருக்கு எழுதித் தந்திருக்கிறேன். ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது, வாங்கி வேலை செய்ய வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று நானும் கேட்டதில்லை, என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். உவரும் களரும் ஒன்றில்லை. உவர் என்றால் கரையக்கூடிய உப்பு மிகுந்தது, ஈ.சி. 4-ஐத் தாண்டும், வெயிலில் வெள்ளையாகப் பூக்கும், நல்ல தண்ணீர் வைத்து வடித்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். களர் என்றால் சோடியம் களிமண்ணின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. காய்ந்தால் கல், நனைந்தால் குழம்பு. நல்ல தண்ணீர் வைத்தால் இன்னும் மோசமாகும். தமிழ்நாட்டில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர் என்று கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் மிகப் பெரும்பங்கு களர். கடலோரத்தில் எங்களுக்கு இரண்டும் கலந்து வாய்த்திருக்கிறது. களர் என்ற சொல்லுக்கு வள்ளுவர் காலம் தொட்டே பயனற்றது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அனுபவத்தில் அது பயனற்றதன்று, பட்டினி கிடப்பது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எங்கள் மாவட்டம் இழந்தவற்றில் மண்ணைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு இருக்கவில்லை. அடுத்த ஆண்டு முழுக்க எங்கள் மேசையில் கடல் சேறு படிந்த மண்தான். மாதிரிப் பைகளைத் திறந்தால் கடல் நாற்றம் வரும். ஜிப்சம் போடுங்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்குங்கள், மழையில் தண்ணீர் கட்டி வடியுங்கள் என்று சொன்னோம். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. உப்பை அடித்துக்கொண்டு போனது. ஈ.சி. எண்கள் மளமளவென்று இறங்கின. நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஆனால் எண் இறங்கிய சில வயல்களில் பயிர் தேறவில்லை. மேலே ஆடை கட்டின மாதிரி மண் இறுகி, மழைத் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. உப்பு போய்விட்டது, சோடியம் போகவில்லை. அங்கே ஜிப்சம் அவசியப்பட்டது.

ஜிப்சம் செய்கிற வேலை எளியது. அதிலிருக்கும் கால்சியம், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும். எழுந்த சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் கரையும். வடிகால் இருந்தால் போகும். இல்லாவிட்டால் அங்கேயே சுற்றி வரும். சோடியம் போனால் களிமண் துகள்கள் சேர்ந்து கட்டியாகும், இடையில் துளை பிறக்கும், காற்று போகும். பூட்டிக் கிடந்த வீட்டின் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஆனால் திறந்த வீட்டில் அரிசி வேண்டுமே? ஜிப்சத்தில் கரிமம் துளியும் இல்லை. அது நுண்ணுயிருக்கு இடம் தரும், சாப்பாடு தராது. என் நடுத்தாக்கு துணியில் விழுந்த அந்த நாலைந்து ஓட்டைகள் இதைத்தான் சொல்கின்றன என்று நம்புகிறேன்.

உப்பு மண்ணில் பட்டினி ஏன் அதிகம் என்பதும் வெளிப்படையானது. பயிர் நிற்காத இடத்தில் வேர் இல்லை. வேர் இல்லாத இடத்தில் உதிரும் தழை இல்லை, வேர் கசியும் சர்க்கரை இல்லை. வரவு இல்லாத வீட்டில் செலவு மட்டும் கூடுகிறது. உப்பைச் சமாளிக்கத்தான் கூடுதல் சக்தி வேண்டுமென்று சொன்னேனே. அதனால்தான் உப்பு மண்ணில் தழையும் தொழு உரமும் போட்டால் நுண்ணுயிர்கள் உப்பைத் தாங்குகிற பலத்தையே பெறுகின்றன. உப்பு கொஞ்சமும் குறையாதபோதே அவை பெருகத் தொடங்குகின்றன. உப்பு இறங்கட்டும், பிறகு உரம் போடலாம் என்று காத்திருப்பது தப்பு. நானும் அப்படித்தான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இதைவிட எனக்கு வியப்பானது வேறொன்று. எங்கள் மண்ணில் கிளிஞ்சல் பொடியும் சுண்ணாம்புக் கல்லும் ஏற்கெனவே கிடக்கின்றன. அதிலும் கால்சியம் உண்டு; ஆனால் பி.எச். உயர்ந்த மண்ணில் அது கரையாமல் கல்லாகவே கிடக்கும். வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடும்போது கரியமில வாயு மண் ஈரத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. விடுபட்ட கால்சியம் சோடியத்தை எழுப்புகிறது. அதாவது மண்ணுக்குள் உயிர் நன்றாக மூச்சு விட்டால், மூட்டை வாங்காமலே ஜிப்சத்தின் வேலையில் ஒரு பங்கு நடக்கும். அடர்த்தியாக வேர் விடுகிற தக்கைப்பூண்டு களருக்கு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தழைச்சத்து மட்டுமல்ல.

தக்கைப்பூண்டை நான் ஏக்கருக்கு 20 கிலோ விதைக்கிறேன். கோடை மழை ஏமாற்றாமல் இருந்தால் வைகாசியில் விதைத்து, பூக்கிற பருவத்தில், நாற்பத்தைந்து நாளை ஒட்டி மடக்கிவிடுவேன். முதல் வருடம் மடக்கின மூன்றாம் நாளே நடவு செய்தேன். ஆள் கிடைத்த அன்றைக்கு நட்டாக வேண்டுமே என்ற அவசரம். ஒரு வாரத்தில் வயலில் கால் வைத்தால் அழுகின முட்டை வாடை. நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருந்தது. பச்சைத் தழை நிறைய, ஜிப்சத்திலிருந்து சல்பேட் நிறைய, மேலே தண்ணீர் மூடி, காற்று இல்லை. சல்பேட்டைக் கொண்டு மூச்சு விடுகிற ஒரு பாக்டீரியாக் கூட்டம் அந்த விருந்துக்குப் பெருகி, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விட்டது. தண்ணீரை வடித்து இரண்டு நாள் வெடிக்க விட்டுத்தான் பயிரைக் காப்பாற்றினேன். இப்போது மடக்கிப் பத்து நாள் விட்டுத்தான் நடவு.

அதே பாக்டீரியாக் கூட்டத்துக்கு நல்ல முகமும் உண்டு. சேற்று வயலில் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் தின்ன வேண்டியதை இவை முந்திக்கொண்டு தின்றுவிடும். பிலிப்பைன்ஸில் 1990-களில் நெல் வயல்களில் ஜிப்சம் இட்டுப் பார்த்தபோது மீத்தேன் பாதிக்கும் மேல் குறைந்தது. ஒரு மூட்டை வெள்ளைப் பொடியைக் கொட்டுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் மண்ணுக்குள் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று முடிவு செய்கிறோம்.

ஆகவே எதையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டக் கூடாது. கடலோரத்தில் இப்போது மூன்று சரக்குகள் அதிகம் வருகின்றன. கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது. அதில் உப்பும் சேர்ந்து வருகிறது. உவர் வயலுக்கு அதை மக்க வைக்காமல் போடுவது எரிகிற வயிற்றில் மிளகாய் போடுவதுதான். கருவேலங்கரியைப் பொடித்துப் போடச் சொல்கிறார்கள். செம்மண்ணுக்கும் புளிப்பு மண்ணுக்கும் அது நல்லது செய்யலாம். ஆனால் கரியும் அதோடு வரும் சாம்பலும் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை, ஏற்கெனவே பி.எச். 9-ஐத் தொடும் களருக்கு அதைப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மூன்றாவது தென்னை நார்க் கழிவு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, மட்டையும் நாரும் எங்கு பார்த்தாலும் மலையாகக் கிடந்தன. என் பக்கத்து வயல் தம்பி அதைப் பச்சையாக வாரிக் கொட்டினார். பச்சை நார்க் கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம். அதைச் செரிக்கப் புறப்பட்ட நுண்ணுயிர்கள் வயலில் இருந்த தழைச்சத்தையும் எடுத்துக்கொண்டன. பயிர் மஞ்சளாக நின்றது. காளான் விதையும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்த பிறகு அதே கழிவு அருமையான உரம். அவசரம்தான் கெடுத்தது.

நான்காவதாக, பாக்கெட்டில் வரும் நுண்ணுயிர். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். வளமான வயலில் அவற்றின் பலனைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கரிமம் இல்லாத உப்பு மண்ணில் அதைத் தூவுவது, விருந்தாளியை அழைத்து வந்து உலை வைக்காமல் உட்கார வைப்பது. அதோடு, உப்போடு வாழப் பழகியவை நம் மண்ணிலேயே இருக்கின்றன. பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரம் உப்புத் தண்ணீரில் வளரும் காட்டு நெல்லின் வேரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். உப்பைத் தாங்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை இழுக்கும், மணிச்சத்தைக் கரைக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் பெயரால் அதற்கு 'சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ்' என்று 2004-இல் பெயரிட்டார்கள். கடல் வந்து எங்கள் வயலை மூடிய அதே ஆண்டு. அப்படிப்பட்ட உயிர்களை எங்கள் குழியடிச்சான் நெல்லும், உப்பங்கழி ஓரத்துப் புல்லும் தங்கள் வேரில் வைத்துக் காத்து வந்திருக்கலாம். அவற்றுக்குத் தேவை சாப்பாடு.

அந்தச் சாப்பாடு எங்கே போகிறது என்று பாருங்கள். தை, மாசியில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் நின்றால் வைக்கோல் கட்டு ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும். முன்பு கதிர் அடித்த வைக்கோல் போரில் ஏறும், மாடு தின்னும், சாணி எருக்குழிக்குப் போகும், எரு வயலுக்கு வரும். இப்போது இயந்திரம் அறுத்துப் போட்டதை இன்னொரு இயந்திரம் சுருட்டிக் கட்டுகிறது. அது வேறு மாவட்டத்துக்கும் வேறு மாநிலத்துக்கும் மாட்டுத் தீவனமாகப் போகிறது. விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கட்டுக்குக் கிடைக்கிற காசில்தான் பலர் அறுவடை வாடகையே கொடுக்கிறார்கள். ஆனால் மண்ணுக்கு வந்து சேர வேண்டிய கரிமம் வருடா வருடம் லாரியேறிப் போகிறது என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2024-இல் ஒரு திட்டம் அறிவித்தது: முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம். 206 கோடி ரூபாய் ஒதுக்கி, அதன் ஒரு பகுதியாக 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மண்ணுயிர் என்ற சொல்லை அரசாணையில் பார்க்க நான் பணி ஓய்வு பெற வேண்டியிருந்தது. திட்டத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் மண்ணுயிரைக் காக்கிறோம் என்று சொன்னால், அது காக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? எத்தனை கிலோ விதை கொடுத்தோம் என்ற கணக்கு இருக்கும். எத்தனை ஏக்கரில் மண் மூச்சு விடத் தொடங்கியது என்ற கணக்கு இருக்காது, ஏனென்றால் அந்த வரி அட்டையில் இல்லை.

அந்த வரியைச் சேர்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஈர மண் 50 கிராம், ஒரு மூடி போட்ட பாட்டில், அதற்குள் ஒரு சின்னக் குப்பியில் சோடியம் ஹைட்ராக்சைடு. மண்ணுயிர் விடும் மூச்சை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்துப் பேரியம் குளோரைடும் பினால்ப்தலீனும் விட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்தால் எவ்வளவு மூச்சு என்று எண் வந்துவிடும். பியூரெட், அமிலம், காரம் எல்லாம் ஏற்கெனவே ஒவ்வொரு மண் பரிசோதனைக் கூடத்திலும் இருக்கிறது. இருபத்தாறு வருடம் டைட்ரேஷன் செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இது முடியாத வேலை இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கரியமில வாயுவில் ஒரு பங்கு சுண்ணாம்பிலிருந்தும் வரலாம். ஆகவே ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டாம். அதே வயலை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால் போதும். மாநிலம் முழுவதற்கும் கேட்கவில்லை. உப்பு பாதித்த வட்டாரங்களில் மட்டும் தொடங்கட்டும். ஜிப்சம் மானியம் வாங்கிய வயலிலும் பசுந்தாள் விதை வாங்கிய வயலிலும் முன்னும் பின்னும் பார்க்கட்டும். உப்பு மண்ணில் கரிமம் பார்க்கும்போது சில்வர் சல்பேட்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஜிப்சமும் பசுந்தாள் விதையும் ஒரே வயலுக்கு ஒரே பருவத்தில் சேர்ந்து போகட்டும். ஒன்று சித்திரையிலும் இன்னொன்று புரட்டாசியிலுமாக வந்தால் இரண்டும் வீண். கடைமடை வடிகால்களைத் தூர் வாராமல் இவை எதற்கும் அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எழுந்த சோடியத்துக்குப் போக வழி வேண்டும்.

திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்தின் நடுவிலேயே அமைந்தது. அங்கிருந்து வந்த டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. உப்பைத் தாங்குகிற பயிரை உருவாக்க இத்தனை ஆண்டு உழைத்த அறிவுக்கு, உப்பைத் தாங்குகிற மண்ணை உருவாக்குவதும் முடியும்.

இந்த ஆண்டு கடன் வாங்கிக் கீழத்தாக்கிலும் தக்கைப்பூண்டு விதைத்தேன். முளைப்பு மோசம். சொட்டை சொட்டையாகத்தான் எழும்பியது. ஆனால் வடக்கு ஓரத்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு வட்டமாக, முழங்கால் உயரம், கரும்பச்சையாக நிற்கிறது. போன தையில் மழைக்குப் பயந்து அவசரமாக வைக்கோலைக் குவித்து, பாதியை அள்ளாமலே விட்ட இடம் அது. நேற்று பக்கத்து வயல் தம்பி வரப்பில் நின்று, "ஏங்க்கா, இங்க மட்டும் தனியா ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார், என்னிடமும் நீட்டினார். வீட்டுக்கு வந்து அந்த வேட்டியில் மிச்சம் இருந்ததைத் தேடி எடுத்தேன். இரண்டு துண்டு கிடைத்தது. ஒன்றை வட்டத்துக்குள்ளேயும் இன்னொன்றை நாலடி தள்ளி வெளியேயும் புதைத்தோம். குச்சி நட்டது அவர்தான்.